ஒழுகிய பைப்பும் ஊருக்குச் சொன்ன இஞ்சினியரும்

1

நாங்கள் கனடாவுக்கு வந்து பதினாறு வருடம் முடிந்த அதே கிழமை, நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாழ்த்துக் கடிதமல்ல. எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்திலிருந்து கழிவுநீர் வடிந்து நடைபாதைக்கு வருவதாக முறைப்பாடு கிடைத்திருக்கிறதாம். பதினான்கு நாளுக்குள் திருத்தாவிட்டால் வாகனத்தை அங்கிருந்து எடுத்துவிட வேண்டுமாம். இதைச் சொல்ல மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில், கடிதத்தை உங்கள் மொழியில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமா என்று பல மொழிகளில் கேட்டிருந்தார்கள். தமிழும் இருந்தது. குற்றம் சொல்லும்போதும் தமிழில் விசாரிக்கிற அரசாங்கத்தோடு கோபிக்க மனம் வரவில்லை.

வாகனம் என்றது ஒரு பழைய ஆர்.வி. ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கச் சொன்னால், லொறியின் முதுகில் ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கழுவும் தொட்டி, மலசலகூடம் எல்லாம் உள்ளேயே இருக்கும். எங்கள் ஆட்கள் பயணம் போனால் படுகிற பாடு எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். சாப்பாடு ஹலாலா என்று தேட வேண்டும், தொழ இடம் தேட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மலசலகூடத்தில் தண்ணீர் இருக்காது, கடதாசிதான் இருக்கும். தண்ணீர்ப் போத்தலை ஒளித்துக்கொண்டு நடக்கிற அந்த வெட்கத்துக்கு முடிவு கட்டத்தான் இதை வாங்கினேன். நான் பஸ் ஓட்டுகிறவன் என்பதால் ஓட்டுவது கஷ்டமில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. என் மனைவி நஸீறா இலங்கையில் கல்முனைக் கடற்கரை வீதிக்காரி. இங்கே டொரொண்டோ ஏரிக்குக் கூட்டிப் போனால், "இது கடலில்ல, பெரிய குளம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். கிழக்கே இரண்டு நாள் ஓடினால் உண்மையான கடல் இருக்கிறது. ஆடி மாதம் அங்கே போவதென்று முடிவு. ஆனால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"மூணு பேரும் போறதெண்டா போவம். மகன் வராட்டி எனக்குக் கடலும் வேணாம், ஒண்டும் வேணாம்."

எங்கள் ஒரே மகன் ஹிஷாம் கடைசியாக வீட்டுக்கு வந்து அப்போது பத்து மாதமாகியிருந்தது. அவன் வராததற்குக் காரணம் நான்.

2

முதலில் பைப் எப்படி உடைந்தது என்று சொல்லிவிடுகிறேன். அதில் என் கெட்டித்தனம் முழுதாகத் தெரியும்.

ஆர்.வி.யை எனக்கு விற்றவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். சாவியைக் கையில் தந்தபோது, குளிர்காலத்துக்கு முன்னால் இதை ஆயத்தப்படுத்த மறந்துவிடாதே என்று இரண்டு தரம் சொன்னார். நான் நன்றாகத் தலையாட்டினேன். குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்துவதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? கார்த்திகை, மார்கழி மழைக்கு நெல் மூட்டைகளை மூடிப் பழகிய ஊரிலிருந்து வந்தவன் நான். பெரிய நீலப் படங்கு வாங்கினேன். கூரை முழுக்க விரித்து, நான்கு பக்கமும் கயிறு இழுத்து, காற்று புகாமல் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினேன். ஒரு துளி பனியும் கூரையில் படவில்லை. தெருவிலேயே என் வாகனம்தான் அழகாகப் போர்த்திக் கிடந்தது. படம் எடுத்து ஊருக்கும் அனுப்பினேன்.

அவர் சொன்னது கூரையைப் பற்றியல்ல. உள்ளே பைப்புகளில் கிடக்கும் தண்ணீரை முழுதாக வடித்து, உறையாத மருந்து ஊற்றிவிட வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். எங்களுக்கு ஆபத்து எப்போதும் மேலேயிருந்து மழையாகத்தான் வரும். உள்ளே கிடக்கிற தண்ணீரே கல்லாகிப் பைப்பைப் பிளக்கும் என்று யாருக்குத் தோன்றும்? பதினாறு குளிர்காலம் கண்டும் எனக்குத் தோன்றவில்லை.

சித்திரை மாதம் படங்கை அவிழ்த்து, நஸீறா ஆசையோடு உள்ளே ஏறி, தொட்டியில் கையைக் கழுவினாள். வண்டிக்குக் கீழே சளசளவென்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். கழிவுத் தாங்கிக்குப் போகிற கறுப்பு பிளாஸ்டிக் பைப், முழங்கை மாதிரி வளைகிற இடத்தில் நீளத்துக்கு வெடித்திருந்தது.

3

கல்முனைப் பிரதான வீதியில் எனக்கு ஹாட்வெயார் கடை இருந்தது. பதினொரு வருடம் நடத்தினேன். நற்பிட்டிமுனை விவசாயிகள் தண்ணீர்ப் பம்பிக்குப் பைப் எடுக்க வருவார்கள். ஒலுவிலில் மாணவர்களுக்கு அறை கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் முழு வீட்டுச் சாமானும் எடுப்பார்கள். அரை இஞ்சிலிருந்து ஆறு இஞ்சு வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பார்த்தே அளவு சொல்வேன். இந்தக் கர்வம் கனடாவுக்கும் என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது.

"ஆரையாச்சும் கூப்பிட்டுக் காட்டுவமா?" என்றாள் நஸீறா.

"பைப்பப் பத்தி எனக்கு ஆள் வந்து சொல்லணுமா?"

"நீங்க பைப் வித்தீங்க. ஒரு நாளாச்சும் பூட்டினீங்களா?"

நான் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே நின்ற பிள்ளையிடம் சொக்கட் கேட்டேன். அவள் என்னை நட்டுக் கழற்றுகிற சாமான் இருக்கும் பக்கம் கூட்டிப் போனாள். பைப்புக்குப் பைப் பொருத்துகிற துண்டுக்கு இங்கே வேறு பெயராம். பதினொரு வருடம் விற்ற சாமானைக் கையால் காட்டிக் கேட்க வேண்டி வந்ததில் எனக்குக் கொஞ்சம் ரோசம். சொக்கட்டே வேண்டாமென்று, ஒரு துண்டு வெள்ளைப் பைப்பும் அதை ஒட்டுகிற கம் டின்னும் வாங்கி வந்தேன்.

ஊரில் கைத்தொழில்காரரைப் பாஸ் என்போம். பைப் வேலை செய்கிற பாஸ்மார் ஒரு வேலை செய்வார்கள். வெள்ளைப் பைப்பின் வாயை நெருப்பில் வாட்டினால் இளகும். அதைச் சுடச்சுட மற்றப் பைப்பின் மேல் ஏற்றி இறுக்கிவிடுவார்கள், சொக்கட் தேவைப்படாது. என் சொக்கட்டுகள் விலைப்படாமல் கிடக்கிறதே என்று அவர்களை நான் ஏசியிருக்கிறேன். இப்போது நானே அதைச் செய்தேன். வெடித்த துண்டை வாளால் அறுத்து எடுத்துவிட்டு, வெள்ளைப் பைப்பைக் காஸ் அடுப்பில் வாட்டி, விரித்து, கறுப்பின் மேல் ஏற்றி, கம்மைத் தாராளமாகப் பூசினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் தண்ணீர் விட்டேன். முன்பைவிடக் கூட ஒழுகியது.

பிறகு பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாகக் கிழித்துச் சுற்றினேன். ஊரில் ஒழுகுகிற எதற்கும் கடைசி மருந்து அதுதானே. இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் நடைபாதை வரைக்கும் சவர்க்கார நுரை போய், அதன் பிறகுதான் முதலில் சொன்ன கடிதம் வந்தது.

4

மகனின் கதைக்கு வருகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது இன்னொரு பொய்.

ஹிஷாம் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இஞ்சினியரிங் படித்தான். மூன்றாம் வருடம் தொடங்கும்போது வந்து, "வாப்பா, எனக்கு இது சரிவருதில்ல, பிளம்பிங் பழகப் போறன்" என்றான். நான் இரண்டு கிழமை அவனோடு கதைக்கவில்லை. இங்கே அது மரியாதையான தொழில்தான். பழகுகிற காலத்திலேயே சம்பளம், பரீட்சை, பத்திரம் எல்லாம் உண்டு. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது கல்முனைக் கடை.

என் கடையில் இரண்டு கதிரை இருந்தது. வீடு கட்டுகிறவர் வந்தால் கதிரையும் இஞ்சித் தேத்தண்ணியும் கிடைக்கும். அவரோடு வருகிற பாஸ் வெளியே வடிகானுக்கு மேல் போட்ட பலகையில் நிற்பார். யாரும் சட்டம் போடவில்லை, அப்படித்தான் நடந்தது. பாண்டிருப்பிலிருந்து நல்லதம்பி பாஸ் என்று ஒருவர் வருவார், கை சுத்தமான வேலைக்காரர். ஒருநாள் பள்ளிக்கூட உடுப்போடு மகனையும் கூட்டி வந்திருந்தார். நான் அந்தப் பிள்ளையிடம், "நல்லாப் படிக்கணும் தம்பி, அப்பா மாதிரி பைப் தூக்கித் திரியக் கூடாது" என்றேன். தகப்பனை வைத்துக்கொண்டே சொன்னேன். அன்புக்குச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். நல்லதம்பி பாஸ் சிரித்துவிட்டு எல்போ என்கிற வளைவுத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவருடைய முகத்தைப் பற்றி யோசிக்க எனக்கு இத்தனை வருடம் எடுத்தது.

என் மகன் அந்தப் பலகையில் நிற்கப் போகிறான் என்ற நினைப்பில்தான் ஊருக்குப் பொய் சொன்னேன். கல்முனையில் இருக்கும் என் ராத்தா, என்னை வளர்த்த மூத்த சகோதரி, "மகன் படிச்சு முடிச்சிட்டானா?" என்று கேட்டபோது, "ஓம் ராத்தா, இஞ்சினியர்" என்றேன். ஒரு சொல்தான். ஒரு கிழமைக்குள் அது ஊரெல்லாம் போய், டொரொண்டோப் பள்ளிவாசலில் ஒருவர் என் கையைப் பிடித்து வாழ்த்துகிற அளவுக்குத் திரும்பி வந்தது.

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று, தொலைபேசியைச் சத்தமாக வைத்து ராத்தாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். "இஞ்சினியர் புள்ளைக்கு என்ட சலாத்தச் சொல்லு" என்றார் ராத்தா. வாசலில் வேலைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த ஹிஷாம் கேட்டுவிட்டான்.

"வாப்பா, நான் பிழையான வேலையா செய்யிறன்?"

"இல்ல மகன். ஊருக்கு விளங்காது, அதான்."

"ஊருக்கா, உங்களுக்கா?"

அவன் சப்பாத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனான். வேலை செய்கிற ஊரிலேயே, ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில், அறை எடுத்தான். உம்மாவோடு ஒவ்வொரு நாளும் கதைப்பான். நோன்புப் பெருநாளுக்குத் தொழவந்து, பெண்கள் பக்கம் உம்மாவைக் கண்டு கொஞ்சிவிட்டு, எனக்குத் தூரத்திலிருந்து சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று வீட்டில் ஆக்கிய புரியாணி மூன்று நாள் கிடந்தது.

5

நகரசபைத் தவணையில் ஐந்து நாள் மீதம் இருந்தபோது, நஸீறா எனக்குச் சொல்லாமல் வண்டிக்குக் கீழே குனிந்து படம் பிடித்து மகனுக்கு அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடைய வேலை வான் வாசலில் வந்து நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும், வாப்பா."

"வஅலைக்கும் ஸலாம், மகன்."

அவன் ஒரு மட்டையை நிலத்தில் விரித்து, மல்லாக்கப் படுத்து, கீழே நகர்ந்தான்.

"இந்த டியூப் ஆர் சுத்தின?"

"நான்தான்."

"பைப்ப நெருப்பிலயா வாட்டி விரிச்ச?"

"ஓம்." ஏச்சுக்குத் தயாராக நின்றேன்.

"நல்லா விரிச்சிரிக்கீங்க வாப்பா. எங்கட வேலையாக்களுக்கு இப்பிடிச் செய்யத் தெரியா. ஆனா இது கறுப்புப் பைப், வேற பிளாஸ்டிக். வெள்ளைக்குப் போடுற கம் இதில புடிக்காது. இதுக்கு வேற கம் இரிக்கி."

அவ்வளவுதான் விஷயம். கறுப்பு, வெள்ளை என்று நான் நிறத்தைத்தான் பார்த்தேன். என் கடையில் இருந்ததெல்லாம் ஒரே வகைப் பைப், ஒரே வகைக் கம். உலகத்தில் உள்ள பைப்பெல்லாம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

நான் ஒட்டியதையெல்லாம் அறுத்து எறிந்தான். புதிய கறுப்புத் துண்டை அளந்து, வெட்டி, விளிம்பைக் கத்தியால் சுரண்டினான். கம் பூசாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டான். "எல்போவத் தாங்க வாப்பா" என்றான். எடுத்துக் கொடுத்தேன். "துணியத் தாங்க" என்றான். கொடுத்தேன். பத்து மாதத்தில் என்னிடம் அவன் கேட்ட முதல் சாமான்கள் அவை.

அந்த நேரத்தில்தான் தொலைபேசி அடித்தது. ராத்தா. ஊரில் இரவுத் தொழுகை இஷாவை முடித்துவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் முகம் பார்த்துக் கதைப்பார்.

"எங்க தம்பி நிக்கிறாய்? அந்த வீட்டு வேனுக்குப் பக்கத்திலயா? அதக் கொஞ்சம் காட்டு."

யோசிக்காமல் திருப்பிக் காட்டிவிட்டேன்.

"கீழ ரெண்டு சப்பாத்துத் தெரியிது. ஆரு? வேலைக்கு ஆள் புடிச்சயா?"

கீழே சுரண்டுகிற சத்தம் நின்றது. நஸீறா கதவடியில் அசையாமல் நின்று என்னைப் பார்த்தாள். "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் ராத்தா வேறு கதைக்குப் போய்விடுவார். நாக்கு அந்தச் சொல்லுக்குப் பழகித்தான் இருந்தது.

"ஆள் இல்ல ராத்தா. நம்மட ஹிஷாம்."

"இஞ்சினியர் புள்ள ஏன் நிலத்தில கிடக்கான்?"

"அவன் இஞ்சினியர் இல்ல ராத்தா. நான் உங்களுக்குப் பொய் சொல்லிட்டன். அவன் பைப் வேலை செய்யிறான். பைப் பாஸ். நான் பழுதாக்கி வெச்சதத்தான் இப்ப வந்து திருத்துறான்."

திரையில் ராத்தாவின் முகம் அப்படியே நின்றது. இணையம் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன், அறுந்திருக்கவில்லை.

"அல்லாஹ்வே. ஊருக்கெல்லாம் என்ட வாயால சொல்ல வெச்சியே. என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டாய்."

"மன்னிச்சிருங்க ராத்தா."

"என்னட்டக் கேக்காத. அந்தப் புள்ளையிட்டக் கேட்டியா?"

இல்லை, கேட்கவில்லை. பத்து மாதமாக அவன் என்னிடம் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். குனிந்து வண்டிக்குக் கீழே பார்த்தேன். கன்னத்தில் கறுப்புக் கம்மோடு அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மகன், நான் செஞ்சது பிழை. உன்ட வேலைய மறைச்சது பெரிய பிழை."

"சரி வாப்பா" என்றான். அவன் கண்ணும் சரியில்லை. "கம் காயப் போகுது, அந்தத் துணியத் தாங்க."

ராத்தா தொலைபேசிக்குள்ளேயிருந்து சத்தம் போட்டார். "போன அவனிட்டக் குடு!" கொடுத்தேன். படுத்த படுக்கையிலேயே வாங்கினான்.

"மகன், மாமி கதைக்கன். சுகமா இரிக்கீங்களா? உங்கட வாப்பாவ நான் பொறகு பாத்துக்கிறன். இப்ப இதச் சொல்லுங்க. எங்கட குசினியில பாத்திரம் கழுவுற தண்ணி இறங்காம நிக்கிது. ரெண்டு பாஸ் வந்து பாத்திட்டாங்க, போனதும் திரும்ப நிக்கிது. என்ன செய்யிற?"

"மாமி, போனத் தொட்டிக்குக் கீழ காட்டுங்க பாப்பம்."

கல்முனைக் குசினியின் தொட்டிக்கு அடியில் தொலைபேசியும், டொரொண்டோவில் ஆர்.வி.க்கு அடியில் என் மகனுமாகப் பத்து நிமிடம் கதை நடந்தது. பைப் சரிவே இல்லாமல் மட்டமாகக் கிடக்கிறது, அதுதான் தண்ணீர் ஓடவில்லை என்று கண்டுபிடித்தான். தமிழில் சொல் வராத இடத்தில் கையைச் சரித்துக் காட்டினான். கடைசியில் ராத்தா, "இவ்வளவு நாளும் இஞ்சினியர் எண்டதால இதக் கேக்க வெக்கமா இருந்திச்சி" என்றார். நஸீறா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

6

ஒட்டியது இறுக இரண்டு மணித்தியாலம் வேண்டும், அதுவரைக்கும் தண்ணீர் விடக் கூடாது என்றான். அதனால் சாப்பிட இருந்தான். நஸீறா எப்போது மீன் வாங்கினாள், எப்போது ஆணம் வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டான். இந்த நாடு எங்களுக்குத் தந்தவற்றை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வேலை தந்தது, வீடு தந்தது, பயமில்லாத நித்திரை தந்தது. கையால் உழைக்கிற ஒரு பிள்ளை தலை நிமிர்ந்து நிற்கிற இடத்தையும் தந்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

சாப்பிட்ட பிறகு மூன்று பேரும் ழுஹர் தொழுதோம். அவனைத்தான் முன்னுக்கு நின்று தொழுவிக்கச் சொன்னேன்.

பிறகு சோதனை. நஸீறா உள்ளே ஏறித் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே தரத்தில் திறந்து விட்டாள். நானும் மகனும் மட்டையில் பக்கத்துப் பக்கத்தில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தோம். ஒட்டிய இடத்தைச் சுற்றிக் காய்ந்த கடதாசித் துண்டைப் பிடித்திருந்தான். தண்ணீர் பைப்புக்குள்ளே இரைந்து ஓடியது. கடதாசியில் ஒரு பொட்டு ஈரமும் இல்லை. இன்னொரு தரம் விடச் சொன்னான். மூன்றாம் தரமும் விடச் சொன்னான்.

"சரியாப் போச்சு" என்றேன்.

அவன் எழும்பவில்லை. பைப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"நீங்க எப்ப கடலுக்குப் போறீங்க?"

"ஆடி மாசம். இனி உம்மாட கையில இரிக்கி."

"நிக்கேக்க ஒழுகாது வாப்பா. ஆனா ரெண்டு நாள் ஓடேக்க உதறும். உதறினா இந்த இடம் விடவும் கூடும்." விரலால் ஒட்டிய இடத்தைத் தடவினான். "நானும் வந்தாத்தான் சரி. வழியில பாத்துப் பாத்துப் போகலாம்."

அப்படி ஒட்டிய பைப் எந்த ஓட்டத்துக்கும் விடாது. எத்தனை ஆயிரம் மைல் உதறினாலும் விடாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஓம் மகன்" என்றேன். "நீ வந்து பாக்கத்தான் வேணும்."